பச்சை வெளிச்சம்

எண் மட்டும் ஒட்டியிருந்த சிறுநீர்க் குப்பியில் நானோ துகள்களைக் கலந்தார்கள். புற்றுநோய் இருந்தால் அவை ஒளிர வேண்டும். பல வருடங்களாக ஏமாற்றியவை இன்று பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தன. அந்த ஆளின் ஸ்கேன் படமும் வந்தது. சிறுநீரகத்தில் கடுகளவு கட்டி.

ஆய்வகத் தலைவர் துள்ளிக் குதித்தார். மேசையைத் தட்டித் தாளம் போட்டபடி அறை முழுக்க ஆடினார்.

ஆய்வு மாணவிக்கே கூச்சமாகிவிட்டது. “சார், பாவம் அந்த நோயாளி. நாம இப்படிக் கூத்தடிக்கலாமா?”

“கடுகளவுலயே பிடிச்சுட்டோம்மா. இப்பவே எடுத்துட்டா நூறு வயசு இருப்பான்.”

“அவர்கிட்ட யார் சொல்றது?”

“அவனுக்குத் தெரியும்.”

“ஐயோ, இடிஞ்சு போயிருப்பாரே.”

“எங்கே? உன் முன்னாடிதான் ஆடிக்கிட்டிருக்கான்.”