பூரிப்பு

ஐம்பத்தெட்டாம் வருஷம். மன்னவனூரில் எட்டு மாதக் கர்ப்பிணியான வடிவுக்குக் காலும் முகமும் வீங்கியபோது, மாமியார் குப்பம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் மருமவ என்னமாப் பூரிச்சிருக்கா பாருங்க!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். தலை பிளக்கிறது என்று வடிவு அழுததையும் பூரிப்புக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

ஒருநாள் நடுப்பகலில் அரிசி களைந்துகொண்டிருந்த வடிவு, "இம்புட்டு வெள்ளனே இருட்டிருச்சே அத்தை, விளக்கு ஏத்தலையா?" என்று கேட்டாள். கேட்ட கையோடு வலிப்பு வந்தது.

உருளைக்கிழங்கு லாரியில் ஏற்றிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை செத்தே பிறந்தது.

"ரத்தக்கொதிப்பு மூளையைத் தாக்கியிருக்கும்மா. பார்வை தானாத் திரும்பிரும்" என்றார் டாக்டர்.

புதைத்துவிட்டு வந்த குப்பம்மாளிடம், "பிள்ளையக் குடுங்க அத்தை" என்று வடிவு கை நீட்டினாள். கண்தான் தெரியவில்லையே என்று குப்பம்மாள் ஒரு கம்பளியை இறுகச் சுருட்டி அவள் மடியில் வைத்தாள்.

"தூங்குறான் தாயி. எழுப்பிராத."

மறுநாள் வடிவுக்குப் பார்வை வந்துவிட்டது. டாக்டர் காட்டிய விரல்களைச் சரியாகச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூட்டமாக இறங்குவதைச் சொன்னாள். குப்பம்மாள் பதறிக் கம்பளியைப் பறிக்கப் போவதற்குள், வடிவு அதை விலக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்படியே உங்க மூக்கு அத்தை. என்னமாப் பூரிச்சிருக்கான் பாருங்க!"

குப்பம்மாள் தொட்டுப் பார்த்தாள். அவள் இறுகச் சுருட்டிய கம்பளி இரண்டு கைக்கும் அடங்காமல், மெல்ல மெல்ல, இன்னும் பூரித்துக்கொண்டிருந்தது.