ஹாரன் கோளாறு

வெர்லனின் 1956 மாடல் கார் மறுபடியும் தன் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றதும், கன்சாஸிலேயே கெட்டிக்கார மெக்கானிக் என்று பெயரெடுத்த கிளைடுக்குச் சுருக்கென்றது.

"இடப்பக்கம் ஒடிச்சா ஹாரன் தானா அலறுதுன்னு சொன்னே. ஸ்டியரிங் உள்ள உரசிக்கிட்டிருந்த ஒயரைப் போன வாரம்தானே மாத்தினேன்? திரும்பவும் அலறுதா?"

"இல்லப்பா, சத்தமே இல்ல. பழைய ஒயரையே மாட்டிக் கொடு."

"விளையாடுறியா?"

"எங்க வீட்டுக்குள்ள வண்டியை விட இடப்பக்கம்தான் திரும்பணும். என் பொண்டாட்டி லொரெட்டா ஒரு வாரமா முகம் கொடுத்துப் பேசல. 'இத்தனை வருஷமா வாசல்லயே ஆசையா ஹாரன் அடிச்சு என்னைக் கூப்பிட்டே. இப்ப நான் சலிச்சுப்போயிட்டேனா'ங்கிறா."

கிளைட் சிரித்துவிட்டார். "அதுக்கு நீயே ஒரு அழுத்து அழுத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

வெர்லன் தலையைச் சொறிந்தார்.

"நான் மறந்துடுறேனேப்பா. வண்டி மறக்காது."