நூற்றெழுபதைத் தாண்டாதே

"நுபியா, மெதுவாப் போ. நூத்தி எழுபத்தெட்டு காட்டுது."

பின்னால் வந்த காரின் ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை நீட்டிக்கொண்டு கத்தினார் பயிற்சியாளர் எவெலியோ. கையிலிருந்த கைப்பேசியில் நுபியாவின் பெயர். அதன் கீழே சிவப்பில் இதயத் துடிப்பின் எண்.

நுபியா திரும்பவில்லை. மலை உச்சிக்கு இன்னும் சில வளைவுகள்தான். முன்னால் ஒரே ஒரு சைக்கிள், துன்ஹா நகரத்து மரியேலாவுடையது. உச்சியை முதலில் தொடுபவளுக்கு மாகாண அணியில் இடம். இருந்ததும் ஒரே இடம்தான்.

"நான் நல்லாத்தான் இருக்கேன், மாஸ்டர்."

"நீ சொன்னா ஆச்சா? மெஷின் சொல்லுது. நூத்தி எழுபதைத் தாண்டாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"அப்போ மெஷினையே வந்து மிதிக்கச் சொல்லுங்க."

காரை ஓட்டிய மெக்கானிக் ஹசிந்தோ சிரித்துவிட்டான். மாஸ்டர் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டும் பட்டைகள் சைக்கிள் சங்கத்துக்கு வந்தது இந்த வருடம்தான். அதற்கு முன் மாஸ்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், யார் இன்னும் ஏறுவாள், யார் விழுவாள் என்று. இப்போது திரையை மட்டுமே பார்க்கிறார். போன பந்தயத்தில் எண் ஏறிவிட்டதென்று நுபியாவைப் பாதி மலையில் இறக்கிவிட்டார். களைப்பே இல்லாமல் காரில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இன்னொரு முறை அது நடக்காது.

"நூத்தி எம்பத்தாறு." கத்திக் கத்தி மாஸ்டரின் குரல் கம்மிவிட்டது. "உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"பொண்ணு ஜெயிச்சுட்டான்னு சொல்லுங்க."

"இப்ப நிறுத்தலைன்னா சங்கத்திலேருந்து உன் பேரை அடிச்சிடுவேன்."

"அடிங்க. மேல வந்து அடிங்க."

அவள் பெடலில் எழுந்து நின்று மிதித்தாள். கடைசி வளைவில் மரியேலாவை எட்டிவிட்டாள்.

"உங்க மாஸ்டர் சொல்றது காதுல விழலையா?" மரியேலா மூச்சிரைத்தாள். "நெஞ்சு வெடிச்சிடும்டி."

"வெடிக்கட்டும். உனக்கு முன்னாடி போய் வெடிக்கட்டும்."

அவளைத் தாண்டி, தனியாகவே முடிவுக் கோட்டைக் கடந்தாள் நுபியா.

மாஸ்டர் வழியிலேயே தகவல் சொல்லிவிட்டதால் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தது. நுபியா அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த கொய்யா அல்வாவைக் கடித்தாள். நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"நூத்தி முப்பது. இறங்கிட்டே இருக்கு. இவளுக்கு ஒண்ணும் இல்லை."

அதற்குள் கார் வந்து நின்றது. மாஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"என்னம்மா சொல்றீங்க? இதைப் பாருங்க. நூத்தித் தொண்ணூத்தொண்ணு."

நர்ஸ் திரையைப் பார்த்தாள். நுபியாவைப் பார்த்தாள். சட்டென்று அவள் சட்டையின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கினாள்.

"பட்டை எங்கே?"

"மாஸ்டர்கிட்டதான்," என்றாள் நுபியா, வாய் நிறைய அல்வாவோடு. "எப்படிக் கட்டணும்னு காலையில எல்லாருக்கும் காட்ட என்னோடதை வாங்கித் தன் நெஞ்சுல கட்டினார். திருப்பித் தரவேயில்லை. நானும் கேக்கலை."

மாஸ்டரின் கை மெல்லத் தன் சட்டைக்குள் போய், அங்கேயே நின்றது. நுபியா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அது சாம்பல் பூத்திருந்தது. அல்வாவைக் கீழே போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரை அவர் பக்கம் இழுத்தாள்.

"படுங்க மாஸ்டர். ஒரு வார்த்தை பேசக் கூடாது."