ஏழாவது பேர்

ஆறாவது பேர் காவல் ஆய்வாளருடையது. அதைச் சொல்லி முடித்ததும் என் வாய் நின்றது.

ஆளுகிறவர்களுக்காகச் சபையில் சொல்லும் ஜெபம் பதினொரு வருடமாக என் பொறுப்பு. பேர்களை ஒரு அட்டையில் எண் போட்டு வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். ஆள் மாறினால் அட்டையும் மாறும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்ததில்லை. அதிகாரம் மேலே இருந்து வருகிறது, அவர்களுக்காக வேண்டிக்கொள்வது நம் கடமை, அவ்வளவுதான்.

ஏழாவது பேர் நகராட்சி ஆணையருடையது.

வியாழக்கிழமை, அவர் கையெழுத்துப் போட்ட தாளோடு வந்துதான் தம்பியின் தையல் கடையை இடித்தார்கள். சாலையை அகலப்படுத்துகிறார்களாம். அவனுடைய தையல் மெஷின் எங்கள் வீட்டில், வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன் ஊசியில் பாதித் தைத்த யாருடைய சட்டையோ இன்னும் மாட்டியிருக்கிறது.

"அந்தாளு பேரை மட்டும் எடுக்காதண்ணே. எடுத்தே, அப்படியே எந்திரிச்சுப் போயிடுவேன். அப்புறம் இந்தப் படிய மிதிக்க மாட்டேன்" என்று காலையில் சபை வாசலிலேயே சொல்லியிருந்தான்.

சொன்னதைச் செய்கிறவன். முதல் பெஞ்சில், எல்லாரும் தலை குனிந்திருக்க, அவன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணை மூடிக்கொண்டேன். எட்டாவது பேருக்குத் தாவினேன்.

அன்றைக்குத் தம்பியின் ஆமென்தான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கேட்டது.

கடைசி பெஞ்சில் எப்போதும் ஒரு வயதான அம்மா உட்காருவார். பாட்டெல்லாம் முடிந்து, சரியாக இந்த ஜெபத்துக்குத்தான் வருவார். ஆமென் சொன்னதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வருகிறார் என்று எங்களுக்குள் கிண்டல் உண்டு. பேர்கூடக் கேட்டதில்லை.

அன்றைக்கு அவர் கிளம்பவில்லை. கூட்டம் கலையும்வரை இருந்துவிட்டு என்னிடம் வந்தார். தம்பி பக்கத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"ஐயா, இன்னிக்கு ஒரு பேரு விட்டுப்போச்சே."

ஜெபம் சொன்ன அதே வாயால், மறந்துவிட்டேன் என்றேன்.

"பரவால்லய்யா. ஊரே எம்பையன் பேரைச் சபிக்கத்தான் எடுக்குது. அவன் நல்லாருக்கணும்னு ஒருத்தர் சொல்றதக் கேக்கத்தான் ரெண்டு பஸ்ஸு மாறி வர்றேன்."

குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசல் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கூப்பிட்டிருக்கலாம். அட்டை என் சட்டைப்பையில்தான் இருந்தது.

மறு வாரம், தம்பியிடம் எதுவும் சொல்லாமல், ஏழாவது பேரை முதல் பேராகச் சொன்னேன்.

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தேன். தம்பி எழுந்து போயிருக்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

கடைசி பெஞ்சில் யாரும் இல்லை.