கல்சுவரோரம் ஒரு சூரியன்

அவளைப் புதைத்துவிட்டு ஆல்டன் எழுந்தான். தோளில் சரிந்த கூந்தலும் தலையில் நாடாவுமாக, எப்போதும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவள். ஆப்பிள் மரத்தடி மண்ணைப் பூட்ஸ் காலால் அமுக்கி, மேலே சருகைப் பரப்பி, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தான். தூரத்தில் கல்சுவர்ப் பக்கம் ஏதோ சலசலத்தது. காட்டு வான்கோழியாக இருக்கும்.

அவள் ஒரு செம்புக் காசு. அமெரிக்கா புது நாடாக இருந்தபோது பெண் தலை பதித்து அடித்த பெரிய சென்ட் நாணயம். ஆல்டன் ஆயுசெல்லாம் சேர்த்த பெட்டியில் அவளைப் போல நிறையப் பேர் இருந்தார்கள். இந்தக் கோடையில்தான் ஒவ்வொருத்தியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ஹெட்டிக்காக. பக்கத்துப் பண்ணைக்காரி, புருஷனை இழந்தவள். சனிக்கிழமை தவறாமல் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு இவன் நிலத்துக்கு வருவாள். காசு கிடைத்தால் இவன் சமையலறைக்கு ஓடி வருவாள். இவன் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கதை சொல்லச் சொல்ல, காபி ஆறும், தட்டில் ஆப்பிள் பலகாரம் காலியாகும். கிடைக்காவிட்டால் தூரத்திலிருந்தே கையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

போன வாரம் கிளம்பும்போது ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அடுத்த சனிக்கிழமை ஒன்றும் அகப்படாவிட்டால், ப்ளோரிடாவில் மகனோடு போய் இருந்துவிடப் போகிறாளாம். அன்றிலிருந்து ஆல்டனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் காசு சேர்க்கிறவன் மனசு கேட்குமா? ஈர மண்ணும் உரமும் பட்டால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும், ஏறினது ஏறினதுதான். அதனால் முந்தின நாளே புதைக்க மாட்டான். விடிந்ததும் புதைப்பான், வெயில் ஏறுமுன் அவள் எடுத்துவிடுவாள். இருநூறு வருஷம் மண்ணில் கிடந்தது எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஹெட்டி ஒரு நாளும் கேட்டதில்லை. நல்ல மனசுக்காரி, விவரம்தான் பத்தாது என்று நினைத்துக்கொள்வான்.

ஹெட்டி வந்தாள். ஆப்பிள் மரத்தடிக்கு வந்ததும் டிடெக்டரைத் தோளில் சாத்திக்கொண்டு, விசிலடித்தபடி தாண்டிப் போனாள். ஆல்டன் ஓடி வந்தான்.

"ஹெட்டி, அந்த மரத்தடியை விட்டுட்டீங்களே."

"அங்க என்ன இருக்கப் போகுது ஆல்டன், புழுத்த ஆப்பிளைத் தவிர?"

நேரே கோடியில் இருந்த கல்சுவருக்குப் போய்விட்டாள். அங்கே ஆல்டன் ஒன்றுமே புதைத்ததில்லை. போச்சு, ப்ளோரிடாதான் என்று காலை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

சுவரோரம் டிடெக்டர் கத்தியது. முட்டி வலிக்கிறது, நீங்களே தோண்டுங்கள் என்றாள் ஹெட்டி. துருப்பிடித்த ஆணியோ, லாடமோ என்று அலுத்துக்கொண்டு ஆல்டன் மண்ணைக் கிளறினான்.

கையில் வந்தது செம்பு. விரலால் துடைத்தான். மலைக்கு மேலே சூரியன், மலைச்சரிவில் மரங்கள், கீழே ஒரு கலப்பை. இந்த வெர்மாண்ட் மாநிலம் தனி நாடாக இருந்த காலத்தில் அடித்த காசு. வாலிப வயசிலிருந்து அவன் தேடி, ஏலத்துக்கு ஏலம் கை நழுவிப்போன காசு. போன மாசம்கூடப் பாஸ்டனில் ஒன்று ஏலத்துக்கு வருகிறது, நமக்குக் கட்டுப்படியாகாது என்று ஹெட்டியிடம் புலம்பியிருந்தான்.

தொப்பியைக் கழற்றி வானத்துக்கு வீசினான். ஹெட்டியின் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். டிடெக்டர் இரண்டு பேர் பூட்ஸுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு விடாமல் கத்தியது. சுவருக்குக் கல் அடுக்க வந்த எவனோ ஒரு உழவன் இதை நழுவவிட்டிருப்பான், எத்தனை பனி, எத்தனை மழை பார்த்துக் கிடந்ததோ என்று மூச்சு விடாமல் சொன்னான். ஹெட்டி பிரசங்கம் கேட்கிறவளைப் போலத் தலையாட்டிக் கேட்டாள்.

"பார்த்தீங்களா, நிலம் இன்னும் காலியாகலை. இனிமே ப்ளோரிடா பேச்சையே எடுக்கக் கூடாது."

"எடுக்கலை."

ஆல்டனுக்குத் தரையில் கால் பாவவில்லை. சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்குளிர இன்னொரு தடவை பார்த்தான். மலை பழுப்பு, சூரியன் பழுப்பு, கலப்பை பழுப்பு. காசைத் திருப்பினான். விளிம்பைச் சுற்றிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல நின்றது.

"என்ன ஹெட்டி இது, ஒரு பொட்டுக் களிம்புகூட இல்லையே."

ஹெட்டி குனிந்து அவன் தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டி, அவன் தலையில் வைத்தாள்.

"உங்களை மாதிரிதான், விடிஞ்சதும் புதைச்சேன். அதுக்குள்ள எப்படிக் களிம்பு ஏறும்?"