காலிக் கட்டங்கள்

மார்ச் 12, வியாழன். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். கணக்கு அட்டவணையில் காலியாக இருந்த கட்டங்களில் பூஜ்யம் போட்டுவிட்டேன்.

மாலைப் புள்ளியியல் வகுப்பில், இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் முறையைப் படிக்கிறோம். நான் எங்கள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையின் கணக்கை எடுத்துப்போயிருந்தேன். இரண்டு மேசைகள்; ஒவ்வொருவரும் நாள்தோறும் தேய்த்து முடித்த லென்ஸ்களின் எண்ணிக்கை.

வீட்டுப்பாடத்துக்காக மட்டுமல்ல. ஆர்டர் குறைந்துவிட்டதால், குறைவாகத் தேய்க்கும் மேசையை எடுத்துவிடப் போகிறார்கள். அதில் இருப்பவர்களுக்கு வேலை போகும்.

"நான் சொன்னா ஓரவஞ்சனைம்பாங்க. கம்ப்யூட்டர் சொல்லட்டும்," என்று மேற்பார்வையாளர் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்.

மென்பொருள் காலிக் கட்டங்களைக் கண்டு முரண்டு பிடித்தது. பூஜ்யத்தால் நிரப்பினேன். சமர்த்தாக ஓடியது.

இரண்டாம் மேசையின் சராசரி குறைவு. பி மதிப்பு 0.04. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வித்தியாசம்.

வகுப்பறையில் இருந்தபடியே மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிட்டேன்.

வீட்டில் அண்ணி எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார். அவர் இரண்டாம் மேசை.

"என்ன புரொபசரம்மா, உங்க கம்ப்யூட்டர் எங்களக் காப்பாத்துமா, கழுத்தறுக்குமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. காலிக் கட்டங்களில் பெரும்பாலானவை அவருடையவை. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று அவர் விடுப்பு எடுத்த வாரம்.

வராத நாட்களை, வந்தும் ஒரு லென்ஸைக்கூடத் தொடாத நாட்களாக்கிவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

மடிக்கணினியைத் திறந்து பூஜ்யங்களை அழித்தேன். விடுப்பு நாட்களைக் கணக்கில் சேர்க்காதே என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மறுபடி ஓட்டினேன்.

இரண்டாம் மேசை முந்திக்கொண்டது. பி மதிப்பு 0.01.

நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினேன். பிறகு இன்னொரு தடவை. வரிவரியாக இறங்கி, எங்காவது ஒரு தப்பு அகப்படாதா என்று தேடினேன்.

வகுப்பில் முதல் முடிவு வந்தபோது நான் இப்படித் தேடவில்லை.

முதல் மேசையில் ஜன்னலோர நாற்காலி என்னுடையது.

நாளை: வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும். அனுப்பியது தப்பு என்று சொல்லி, சரியான முடிவைக் கையில் கொடுக்க வேண்டும்.