மூலைப் பொருத்து

பசை இறுக இருபத்து நான்கு மணிநேரம் வேண்டும் என்று டின்னில் எழுதியிருந்தது. பத்தொன்பதாவது மணிநேரத்தில் மூலை விட்டுக்கொண்டது.

இது மூன்றாவது தடவை.

விஜயலெட்சுமி குனிந்து, கூந்தலிலிருந்து கொண்டை ஊசியை உருவி, இரண்டு பலகைகளும் சேரும் இடத்தில் விட்டுப் பார்த்தாள். முதல் தடவை ஊசியின் ஒரு கால்தான் நுழைந்தது. போன தடவை இரண்டும் நுழைந்தன. இன்று முழு ஊசியும் உள்ளே போய் ஆடியது.

"எல்லாம் எங் கைராசி," என்றான் அவள் கணவன் புவனேந்திரன், முழங்காலிட்டபடியே. "நாப்பத்தஞ்சு டிகிரி வெட்டுடான்னா நாப்பத்தேழு வெட்டி வச்சிருக்கேன். ஜஸீல் நாநா பாத்தாருன்னா கடைப் பக்கமே வராதேன்னுருவாரு."

பதுளையில் ஜஸீல் நாநாவின் ஹார்ட்வெயார் கடையில்தான் அவனுக்கு வேலை. முதலாளி வீட்டுக்குச் சாமான் இறக்கப் போன அன்றுதான், சுவர் தரையைத் தொடும் இடமெல்லாம் பலகை ஓடுவதைப் பார்த்தான். ஸ்கர்டிங். அன்றிலிருந்து அதே நினைப்பு. கடையில் மிச்சப்பட்ட பைனஸ் மரப் பலகைகளை இரண்டு இரண்டாக பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தான். தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றையறைக் காம்பராவில் பிறந்தவன் வீட்டிலும் பலகை ஓட வேண்டும்.

மற்ற மூன்று மூலைகளும் ஒட்டிக்கொண்டன. பள்ளத்துப் பக்கத்து மூலை மட்டும் ஒட்டவில்லை.

அதற்கு ஒரு முழம் தள்ளி, பாயில் குழந்தை பகல் தூக்கம் தூங்கினாள். வெளியே ஏழாவது நாளாக மழை.

விஜயலெட்சுமி முகத்தை இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கன்னத்தில் குளிர்காற்று பட்டது. பலகைக்குப் பின்னால் காற்றுக்கு என்ன வேலை? கூடவே ஒரு வாசம். வெளிச்சமே படாத ஆழத்து மண்ணின் வாசம்.

அது அவளுக்குப் பழக்கப்பட்ட வாசம்.

"பலகையில ஒண்ணுமில்லங்க. தரதான் வெலகுது. வெலிமடையில எங்கக்கா வீட்டுக்கு இன்னைக்கே போயிருவோம்."

அவன் சிரித்தான். "பலகை ஒட்டலேன்னு வீட்ட விட்டு ஓடுன மொத ஆளு நாமளாத்தான் இருப்போம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "அன்னைலருந்து ஒனக்குக் கோடெல்லாம் வெடிப்புதான் விஜி. ரொட்டி வெடிச்சாலும் மலை சரியுதுங்கிற."

அன்று என்றால், நான்கு வருஷத்துக்கு முந்திய தீபாவளிக்கு முதல் நாள். இருவரும் துணி எடுக்க பதுளைக்குப் போயிருந்தார்கள். அவன் தங்கை மதுஷா காம்பராவில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் திரும்பி வந்தபோது லயத்தின் கடைசியில் அவர்கள் காம்பரா இருந்த இடத்தில் மலை இருந்தது.

பிறகு பிறந்த மகளுக்குத் தங்கையின் பெயரையே வைத்தான். இந்த வீடும் பிறகு கிடைத்ததுதான், இன்னொரு சரிவில்.

பலகைக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"எலி," என்றான் அவன்.

விஜயலெட்சுமியின் கை பலகைமேல் அப்படியே நின்றது. அந்தக் காலையிலும் இதே சத்தம்தான். "அண்ணி, செவுரு சொடக்குப் போடுது" என்று மதுஷா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். எலி என்று சொல்லிவிட்டுத்தான் இவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுபடியும் 'டிக்'. குழந்தை தூக்கத்தில் மூலைப் பக்கமாகப் புரண்டாள்.

புவனேந்திரன் மரத்தூளில் பசையை ஊற்றிக் குழைக்கத் தொடங்கினான்.

"வெடிப்பிருந்தா எனக்குத் தெரியாதா? நான் என்ன அந்தக் குருட்டுப் பயலா?"

யாரைச் சொல்கிறான் என்று அவள் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தீபாவளிக்கு முந்திய வாரம் வெடிப்புப் பார்க்க ஓர் அதிகாரி வந்திருந்தார். காம்பரா காம்பராவாக நுழைந்து சுவரடியில் டார்ச் அடித்தார். வெடிப்பிருந்த கதவுகளில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டார். குறி விழுந்தவர்கள் அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனார்கள். ஐந்து கதவுகளில் குறி விழுந்தது. கடைசிக் கதவில் விழவில்லை. தீபாவளியை வீட்டிலேயே கொண்டாடலாம் என்று மதுஷா கைதட்டினாள்.

நான்கு வருஷமாகப் புவனேந்திரன் அந்த மனிதரைச் சபிக்கிறான். கோயில் வாசலில் அவர் பெயரைச் சொல்லித் தேங்காய் உடைத்திருக்கிறான், இவனைப் பெற்றவள் வயிறு எரியட்டும் என்று. ஒவ்வொரு தேங்காய் சிதறியபோதும் விஜயலெட்சுமி அவனுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

குழைத்த தூள் பலகையின் நிறத்துக்கே வந்துவிட்டது. பூசித் தேய்த்தால், அங்கே ஓர் இடைவெளி இருந்ததற்கு அடையாளமே இருக்காது. அவன் அதைக் கத்தி முனையில் எடுத்தான்.

அவள் எழுந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மற்றக் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பூசாதீங்க."

"விடு புள்ள, பசை காஞ்சிரும்."

அவள் விடவில்லை.

"அந்தாளு குருடில்லங்க," என்றாள். "நம்ம காம்பராவுலயும் வெடிப்பு இருந்துச்சு. தீவாளிக்கு ஸ்கூல்ல போயிப் படுக்கணுமேன்னு, அவரு வர்றதுக்கு மொத நாளு, சாணியும் களிமண்ணும் கொழச்சு நான்தான் பூசி மூடுனேன்."